களமும் களஞ்சியமும்

சேர்வராயன் மலையின் அடிவாரத்திலிருந்தும் கொல்லிமலையின் அடிவாரத்திலிருந்தும் காவிரிக்கரை வரையில் பரந்து கிடப்பது சேலம் நாமக்கல் சமவெளி. மோகனூர், பரமத்தி வேலூர் முதலிய ஊர்களில் வாய்க்கால் பாய்ந்து நெல்லும் வாழையும் வெற்றிலையும் விளைகின்றன. ஏனைய இடங்களிற் பெரும்பாலானவை மழையையும் கிணற்றையும் நம்பியவை. அங்கே சோளமும் கேழ்வரகும் நிலக்கடலையும் மரவள்ளியும் பயிராகின்றன. விளைவது எதுவாயினும், தானியம் விளைவிக்கும் உழவனுக்கு இரண்டு இடங்கள் இன்றியமையாதவை. ஒன்று களம், மற்றொன்று களஞ்சியம்.

களம் வேலை செய்யும் இடம். கதிர்களைப் பரப்புவதும், அடிப்பதும், தூற்றுவதும், அளப்பதும் அங்கேதான். மாலையானால் களத்தில் இருப்பதை வாரிக்கொண்டு போய்விட வேண்டும். களஞ்சியமோ வைத்துக் காக்கும் இடம். அங்கே எந்த வேலையும் நடைபெறுவதில்லை. ஆயினும் அங்கு வைத்தது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். களம் சிறிதாயிருந்தால், களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும் வேலை ஓடாது. களஞ்சியத்துக்குச் செல்லும் வழி கரடுமுரடாயிருந்தால், களம் எவ்வளவு விரிந்ததாயினும் பயனில்லை. இவ்விரண்டின் வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர்க்கு மடிக்கணினியின் உள்ளமைப்பு எளிதில் விளங்கும்.

கணினியின் களமும் களஞ்சியமும்

மடிக்கணினியிலும் இவ்வாறே இரண்டு இடங்கள் உள்ளன. கணக்கிடும் உறுப்பாகிய செயலி, தான் அப்பொழுது செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வேண்டியவற்றைப் பரப்பி வைத்துக்கொள்ளும் இடத்திற்கு நினைவகம் என்று பெயர். கடைகளில் இதனை 'ரேம்' என்று வழங்குவர். நாம் எழுதிய கட்டுரை, எடுத்த படம், இயங்குதளம் முதலிய யாவும் நிலையாக இருக்கும் இடம் சேமிப்பகம் எனப்படும். முன்னது களம்; பின்னது களஞ்சியம்.

நினைவகத்தின் இயல்பு வியப்புக்குரியது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மின்னேற்றம் இருப்பின் ஒன்று எனவும், இல்லையேல் சுழி எனவும் கொள்ளப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டென்னார்டு என்னும் அறிஞர் இவ்வமைப்பை 1966ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஓட்டைக் குடத்து நீர் போல இம்மின்னேற்றம் விரைவில் கசிந்துவிடும் தன்மையது. ஆதலின் ஒரு விநாடியில் பதினைந்து முறைக்கு மேல் அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. மின்சாரம் நின்றவுடன் அதில் இருந்தவை அனைத்தும் மறைந்துவிடுகின்றன. சேமிக்காமல் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை, மின்கலம் தீர்ந்ததும் காணாமற் போவது இக்காரணத்தாலேயே.

சேமிப்பகம் இருவகைப்படும். பழைய வகை வன்தட்டு. இதனைப் பேச்சு வழக்கில் ஹார்டு டிஸ்க் என்பர். காந்தப் பூச்சுடைய தட்டு ஒன்று அதனுள் சுழல்கின்றது. அதன்மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் நகர்ந்து செய்திகளை எழுதியும் படித்தும் வருகின்றது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வன்தட்டு இயந்திரத்தில் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அத்துணைப் பெரிய இயந்திரம் தாங்கியது ஏறத்தாழ ஐம்பது லட்சம் எழுத்துக்களே. இன்றைய மடிக்கணினி வன்தட்டோ உள்ளங்கையில் அடங்குவது. புதிய வகை, எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மச் சேமிப்பகம். இதில் சுழலும் பகுதி யாதும் இல்லை. மின்சாரம் நின்ற பின்னும் மின்னேற்றத்தைத் தன்னுள் அடைத்து வைத்திருக்கும் நுண்கலங்களால் ஆயது. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய சப்பானியப் பொறியாளர் பியூஜியோ மசுவோக்கா என்பவர் இத்தகைய நினைவுக் கலங்களை 1980களில் உருவாக்கினார்.

விரைவின் வேறுபாடு

மடிக்கணினி வன்தட்டுகளிற் பெரும்பாலானவை நிமிடத்திற்கு 5400 முறை, அஃதாவது விநாடிக்கு 90 முறை சுழல்வன. மிக விரைவாகத் தோன்றினும், வேண்டிய செய்தி கையின் கீழே வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். கையும் உரிய இடத்திற்கு நகர வேண்டும். இவ்விரண்டிற்குமாக விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகின்றது. திண்மச் சேமிப்பகம் அதே செய்தியை விநாடியில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கில் எடுத்துத் தருகின்றது. நினைவகமோ ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கில் தந்துவிடும். களத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் கதிருக்கும், நெடுந்தொலைவிலிருந்து வண்டியில் ஏற்றிவர வேண்டிய கதிருக்கும் உள்ள வேறுபாட்டினும் இது பெரிது.

களம் நிறைந்துவிட்டால் உழவன் என்ன செய்வான்? அடித்து முடியாத கதிர்க்கட்டுகளை ஒதுக்கி வைத்து, வேண்டும்பொழுது மீண்டும் கொண்டுவருவான். கணினியின் இயங்குதளமும் இதனையே செய்கின்றது. நினைவகம் நிறைந்தவுடன், அப்போதைக்கு வேண்டாதவற்றைச் சேமிப்பகத்தில் கொண்டுபோய் வைத்து, மறுகணம் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துவருகின்றது. இப்போக்குவரத்து மிகும்பொழுது கணினி உறைந்து நின்றாற்போலத் தோன்றும். கணினி கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுவது இந்நிலையைக் கண்டே. உண்மையில் அது கெடவில்லை. களம் போதாமல் திணறுகின்றது.

பரணில் கிடக்கும் கணினிகள்

தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிற்று. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேனிலை வகுப்பில் பயின்ற மாணவ மாணவியரும், கல்லூரிகளில் பயின்றோரும் லட்சக்கணக்கில் அவற்றைப் பெற்றனர். எல்காட் என வழங்கும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் வாயிலாக அவை வாங்கப்பட்டன. நெசவாளர் வீட்டிலும், சவ்வரிசி ஆலைத் தொழிலாளி வீட்டிலும், சுமையுந்து ஓட்டுநர் வீட்டிலும் முதன்முதலாகக் கணினி நுழைந்தது இதனாலேயே எனலாம்.

தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 கிகாபைட் நினைவகமும் 320 கிகாபைட் வன்தட்டும் இருந்தன. பின்னர் வந்தவற்றில் அவை 4 கிகாபைட்டாகவும் 500 கிகாபைட்டாகவும் உயர்ந்தன. இவ்வளவுகளைச் சிறியன என்று இகழ்தல் கூடாது. திருக்குறளின் 1330 குறட்பாக்களும் கணினியில் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 320 கிகாபைட்டில் அந்நூலின் படிகளை ஆறு லட்சத்திற்கு மேல் வைக்கலாம். ஆயின் காலம் மாறிற்று. இணைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்த அளவிலேயே ஒரு கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகம் செலவாகின்றது. அதனால் அண்ணன் வாங்கிவந்த கணினி, தங்கை படிக்கும் காலத்தில் பரணேறிக் கிடக்கின்றது.

ஒரு குடும்பத்திற்குப் புதிய மடிக்கணினி வாங்குவதென்பது பல மாத ஊதியத்தைச் செலவிடுவதாகும். பழைய கணினியின் திரையும் விசைப்பலகையும் செயலியும் நன்றாக இருக்கும்பொழுது, இரண்டு உறுப்புகளை மட்டும் மாற்றினால் அதுவே மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். அதற்கு ஆகும் செலவு புதியதன் விலையில் ஒரு சிறு பகுதியே. 2025ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் நினைவகங்களின் விலை கடுமையாக ஏறிற்று. ஆதலின், எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று ஆய்ந்து வாங்குதல் இக்காலத்தில் முன்னினும் தேவையாகின்றது.

குறையை அறிதல்

நோயை அறியாமல் மருந்து கொடுத்தல் கூடாது. இயங்குதளத்தில், எந்தெந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம் செலவாகின்றது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. நாள்தோறும் செய்யும் வேலைகளைத் தொடங்கிவிட்டு அப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நினைவகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிறைந்திருந்தால் களம் சிறிது என்று பொருள். அதற்கு மருந்து கூடுதல் நினைவகம். நினைவகத்தில் இடமிருந்தும், வன்தட்டு நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டே இருந்தால், களஞ்சியத்து வழி கரடுமுரடானது என்று பொருள். அதற்கு மருந்து திண்மச் சேமிப்பகம். இரண்டு குறைகளும் ஒருங்கே இருத்தலும் உண்டு. கணினியைத் திறக்க இரண்டு நிமிடத்திற்கு மேலாகிறதாயின், பெரும்பாலும் வன்தட்டே அதற்குக் காரணம்.

தாங்கும் அளவை அறிதல்

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சுமையுந்துகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பல உள்ளன. இத்தொழிலை மக்கள் 'பாடி கட்டுதல்' என்பர். தொழிற்சாலையிலிருந்து வரும் அடிச்சட்டத்தின் மீது, மரத்தாலும் இரும்பாலும் வண்டியை முழுமையாக்குகின்றனர். கைதேர்ந்த தொழிலாளர் அடிச்சட்டம் எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்த பின்னரே அளவெடுக்கத் தொடங்குவர். கணினிக்கும் இந்நெறியே பொருந்தும்.

முதலாவதாக, செயலியும் தாய்ப்பலகையும் எவ்வளவு நினைவகத்தை ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளர் தரும் குறிப்பேட்டில் காண வேண்டும். இரண்டாவதாக, நினைவகத்தின் தலைமுறை பொருந்த வேண்டும். மடிக்கணினி நினைவகங்களில் டி.டி.ஆர்.3 வகைக்கு 204 முனைகளும், டி.டி.ஆர்.4 வகைக்கு 260 முனைகளும், டி.டி.ஆர்.5 வகைக்கு 262 முனைகளும் உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாதபடி, விளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடங்களில் அமைக்கப்பட்டுள்ளது. நுழையாததை அழுத்தி நுழைத்தல் தாய்ப்பலகையை உடைப்பதாகும். டி.டி.ஆர்.3 வகையிலேயே 1.5 வோல்ட்டில் இயங்குவதும் 1.35 வோல்ட்டில் இயங்குவதும் என இரண்டு உள்ளன. இரண்டாவதற்கு 'எல்' என்னும் எழுத்து சேர்ந்திருக்கும். கணினி கேட்பது எது என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். மூன்றாவதாக, மெல்லிய கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் தனியே செருகும் இடம் இல்லையேல் நினைவகத்தைக் கூட்டல் இயலாது.

மற்றொரு வரம்பும் உண்டு. 32 பிட் இயங்குதளம் சுட்டக்கூடிய முகவரிகள் 4 கிகாபைட் அளவிலேயே முடிந்துவிடும். கதவெண் இல்லாத வீட்டிற்கு அஞ்சல் சேராதவாறு போல, அதற்கு மேற்பட்ட நினைவகம் இருந்தும் பொதுவாகப் பயன்படாது. அத்தகைய கணினியில் செயலி இடந்தருமாயின் 64 பிட் இயங்குதளத்தை நிறுவ வேண்டும்.

சேமிப்பகத்திலும் வடிவம் இருவகை. பழைய கணினிகளில் இரண்டரை அங்குல வன்தட்டின் இடத்தில், அதே அளவும் அதே இணைப்பும் உடைய திண்மச் சேமிப்பகத்தை வைக்கலாம். புதியவற்றில் 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடைய எம்.2 என்னும் மெல்லிய தகடு பயன்படுகின்றது. அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரு முறைகள் உள்ளன. தோற்றம் ஒன்றாயினும் ஒன்று மற்றொன்றின் இடத்தில் இயங்காமற் போகலாம்.

முதலில் படியெடுத்தல்

ஓலைச்சுவடிகள் செல்லரித்துப் போகுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தல் நம் முன்னோர் வழக்கம். அவ்வாறு படியெடுக்கப்பட்ட நூல்கள் நம் கைக்கு எட்டின. படியெடுக்கப்படாதவை பெயரளவில் நின்றும், பெயரும் இன்றியும் மறைந்தன. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட முடிந்தது, யாரோ முன்பு எழுதிவைத்த படிகள் பல இடங்களில் எஞ்சியிருந்தமையால் அன்றோ?

கணினியைத் திறக்குமுன் அதிலுள்ள கட்டுரைகள், சான்றிதழ்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றை வேறொரு சேமிப்பகத்தில் படியெடுத்து, அப்படியைத் திறந்து பார்த்து, சரியாக இருப்பதை உறுதி செய்ய வேண்டும். இதனைச் செய்யாமல் திருகாணியில் கை வைத்தல் கூடாது. கெட்ட உறுப்பைக் கடையில் வாங்கலாம். காலஞ்சென்ற பாட்டியின் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மாற்றும் முறை

உத்தரவாதக் காலம் முடியாத கணினியாயின், உரிய பணிமனைக்குக் கொண்டு செல்லுதலே நலம். ஏனையவற்றை வீட்டிலும் மாற்றலாம். பள்ளி மாணவர்கள் பெரியோர் ஒருவரை உடன்வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

முதலில் கணினியை முற்றிலும் அணைத்து, மின்கம்பியை நீக்கி, மின்கலத்தையும் கழற்ற வேண்டும். மின்கலம் உள்ளே இருக்கும் வகையாயின், மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பை எடுத்துவிட வேண்டும். பின்னர் இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால், எஞ்சிய மின்சாரம் வடியும். நம் உடலில் தங்கும் நிலைமின்சாரமும் நுண்ணுறுப்புகளைக் கெடுக்க வல்லது. ஆதலின் பூச்சில்லாத உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் இட்டு, எது எங்கிருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நீளம் மாறிய திருகாணி பலகையைத் துளைத்துவிடும்.

நினைவகப் பலகையின் இருபுறமும் சிறு கவ்விகள் இருக்கும். அவற்றை வெளிப்புறமாக விலக்கினால் பலகை தானே சாய்வாக எழும்பும். விளிம்பைப் பிடித்து அதனை எடுத்து, புதியதை அதே சாய்வில் வெட்டுப் பொருந்துமாறு செருகி, மெல்லக் கீழே அழுத்தினால் கவ்விகள் ஒலியுடன் பற்றிக்கொள்ளும். பொன்னிறமான முனைகளை விரலால் தொடலாகாது. இரண்டு செருகுமிடங்கள் இருப்பின், ஒத்த அளவுள்ள இரண்டு பலகைகளை இடுதல் சிறந்தது. செயலி இரண்டிலிருந்தும் ஒருங்கே செய்தியைப் பெறும்.

வன்தட்டை அதன் சட்டத்துடன் பக்கவாட்டில் இழுத்தால் இணைப்பிலிருந்து விடுபடும். அச்சட்டத்தில் புதிய சேமிப்பகத்தைப் பொருத்தி, வந்த வழியே உள்ளே தள்ள வேண்டும். மூடியை மூடி இயக்கியவுடன், கணினி புதிய அளவுகளை அறிந்துகொண்டதா என்று பார்க்க வேண்டும். திரை இருண்டே இருந்தால் அஞ்ச வேண்டா. பெரும்பாலும் நினைவகம் சரியாக அமராமையே காரணம். மீண்டும் மின்சாரத்தை நீக்கி, எடுத்துச் செருகினால் சரியாகும்.

இதன்பின் இயங்குதளத்தை நிறுவ வேண்டும். விண்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அமைப்பு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அத்தகையவற்றிற்கு, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் பொருத்தமானது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் பதிப்பில் தமிழிலேயே பணிபுரியலாம்.

எதனை எதிர்பார்க்கலாகாது

களத்தை விரித்தால் வேலை தடையின்றி நடைபெறும்; ஆயின் அடிப்பவன் கைவலிமை கூடிவிடாது. அவ்வாறே நினைவகத்தைக் கூட்டினும் செயலியின் ஆற்றல் கூடாது. 8 கிகாபைட்டில் அடங்கும் வேலைக்கு 16 கிகாபைட் வாங்குதல் வீண்செலவு. திண்மச் சேமிப்பகத்திற்கும் குறை உண்டு. அதன் கலங்களில் இத்தனை முறைதான் எழுதலாம் என்னும் வரையறை இருக்கின்றது. மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தால், அடைபட்ட மின்னேற்றம் மெல்லக் கசிந்து செய்தி அழியவும் கூடும். எனவே புதியதை வாங்கிய பின்னும் படியெடுக்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது.

கழற்றிய பழைய வன்தட்டை எறிந்துவிட வேண்டா. சிறு உறை ஒன்றில் இட்டால், படிகளை வைத்துக்கொள்ள அது உதவும். அன்றிப் பிறர்க்குக் கொடுப்பதாயின், அதிலுள்ளவற்றை மீளாதவாறு அழித்த பின்னரே கொடுக்க வேண்டும். இனி உதவாது என்னும் நிலையில், குப்பையோடு கலப்பதும் எரிப்பதும் தீங்கானவை. ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் மண்ணிலும் கிணற்று நீரிலும் கலக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவை சேர வேண்டும்.

பொருள்களைப் புதிதாக வாங்குதல் எளிது. இருப்பதன் இயல்பை அறிந்து, குறைந்ததைக் கூட்டி, நீண்ட நாள் பயன்கொள்ளுதல் அறிவுடைமை. கலப்பையின் கொழு தேய்ந்தால் கொழுவை மாற்றினார்களே அன்றிக் கலப்பையையே எறிந்தவர் எவரும் இலர். இயந்திரங்களைக் கையாளும் இக்கால மாணவர்களும் அந்நெறியை மேற்கொண்டால், பரணில் உறங்கும் கணினிகள் பல விழித்தெழும்; படிப்பதற்குக் கருவி இல்லையே என ஏங்கும் இளையோர் பலர்க்கு அவை துணையாகும்.